ஒரு கண்ணோடு என்னை வேலைக்கு அனுப்பிய ஆண்டவர்

போன வருஷம் ஆவணி மாதத்தை நான் குப்புறப் படுத்தபடியே கழித்தேன். சாப்பிட மட்டும் எழுந்தேன். அப்போதும் தலையைக் குனிந்தேதான் இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்து வலது கண்ணுக்குள் வாயுவை அடைத்து வைத்திருந்தார்கள். தலையை நிமிர்த்தினால் அந்த வாயு இடம் மாறிவிடும், கிழிந்துபோன விழித்திரை ஒட்டாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், இரண்டு தலையணைக்கு நடுவே முகத்தைக் கொடுத்து, தரையின் சிவப்பு சிமெண்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கழுத்து வலித்தது. நெஞ்செலும்பு வலித்தது. அம்மா வந்து சொட்டு மருந்து விடும்போது மட்டும் ஒரு நொடி அவள் முகத்தைப் பார்ப்பேன்.

என் பெயர் பிரின்ஸி. எங்களுக்குப் பூர்வீகம் பெரியதாழை என்ற கடற்கரை ஊர். அப்பா தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நான் ஒரே பிள்ளை. கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் முடித்திருந்தேன். கல்லூரியில் இருக்கும்போதே சென்னையில் ஒரு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. புரட்டாசியில் வேலையில் சேர வேண்டும். அம்மா எனக்காக நாலு சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தாள். அப்பா ஒரு புதுப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டிலிருந்து கப்பல், தோணி, வள்ளம் தவிர வேறு எதையும் நம்பி யாரும் வெளியூர் போனதில்லை. நான்தான் முதல் ஆள்.

ஆரம்பம் மாதா கோவில் திருவிழா சமயத்தில். மாலை நவநாள் ஜெபத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல் துண்டுகள் மிதந்தன. கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கோவில் முழுக்க சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறது என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவள் நான். கண்ணில் ஏதாவது தொந்தரவு வருவது எனக்குப் புதிது இல்லை. திருவிழா முடிந்து கொடி இறக்கிய பிறகு ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வலது கண்ணில் கீழேயிருந்து ஒரு கறுப்பு ஏறியது. மத்தியானத்துக்குள் பாதிக் கண் மூடிவிட்டது. அன்று சாயங்காலமே திருநெல்வேலிக்கு ஓடினோம். விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள்.

அந்த ஆபரேஷன் நடந்தபோது அப்பா ஊரில் இருந்தார். காற்றுக் காலத்தில் தோணிகள் கரையில்தான் கிடக்கும். ஆவணி முடிந்து கடல் அடங்கியதும் அவர் போயாக வேண்டும். போகும்போது என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நான் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தலையணைக்குக் கீழே குனிந்து தன் முகத்தைக் காட்டினார். என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

அப்போதெல்லாம் என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவரே, இந்தக் கண்ணைத் திருப்பித் தாரும், நான் வேலைக்குப் போக வேண்டும். காலையில் அதையே சொன்னேன், மாலையில் அதையே சொன்னேன். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஜெபமாலை சொல்லுவாள். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்து ஆட்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்தார்கள். அவர்களுடைய கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. எந்தக் கால் யாருடையது என்றுகூடப் பழகிப்போனேன். எல்லாரும், நல்லாயிருவ, மாதா கைவிட மாட்டாள் என்றார்கள். நானும் நம்பினேன்.

நிறுவனத்துக்குத் தகவல் சொன்னேன். தீபாவளிக்குப் பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று நல்ல விதமாகத்தான் பதில் வந்தது. ஐப்பசி மழை தொடங்கியபோது வாயு முழுக்கக் கரைந்திருந்தது. கண்ணில் வெளிச்சமும் உருவமும் தெரிந்தன. அம்மாவின் சேலையின் நிறம் தெரிந்தது. அந்த ஞாயிறு பூசையில் நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். அடுத்த வாரமே மறுபடியும் அந்தக் கறுப்பு ஏறியது.

இரண்டாவது ஆபரேஷன். மறுபடியும் குப்புற. இந்த முறை வாயுவுக்குப் பதில் எண்ணெய் வைத்தார்கள். கண் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் குரல் இறங்கியிருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தக் கண்ணுல இனிமே வெளிச்சம் மட்டும்தாம்மா தெரியும். எழுத்து படிக்க முடியாது. நாம இப்ப இடது கண்ணத்தான் காப்பாத்தணும்."

இடது கண்ணிலும் விழித்திரையின் ஓரம் மெலிந்திருக்கிறது என்றார். எப்போது வேண்டுமானாலும் கிழியலாம், கிழியாமலேயே வாழ்நாள் முழுக்க இருக்கவும் செய்யலாம். மின்னல் தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலையென்றால் அடிக்கடி கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் படித்ததே திரையைப் பார்க்கிற படிப்புதான்.

கார்த்திகையில் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று இருந்தது. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு லேப்டாப்பை மூடினேன். அம்மா தைத்து வந்த சுடிதார்களைப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாருடைய யோசனையும் வரத் தொடங்கியது. மிக்கேல் சித்தப்பா, அப்பாவின் தம்பி, துறைமுகத்துப் பக்கம், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற ஒரு கிளியரிங் ஆபீசில் இருக்கிறார். அவர் பேங்க் பரீட்சைக்கான புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். மாற்றுத்திறனாளி இட ஒதுக்கீட்டில் சுலபமாகக் கிடைத்துவிடும் என்றார். விசாரித்தால், ஒரு கண் நன்றாக இருப்பவர்களுக்கு அது கிடையாது. ஊனம் என்று சொன்னால் அதற்கு என் குறை போதாது. முழுப் பார்வை என்று சொன்னால் அதற்கு என் கண் போதாது. மாமி, பி.எட். படித்து டீச்சராகப் போ என்றாள். இன்னொரு சொந்தக்காரர், எம்.சி.ஏ. படி, அதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கோவில் வாசலில் ஒரு அம்மா என் முன்னாலேயே அம்மாவிடம், கண் விஷயம் வெளியே தெரியும் முன்பு கல்யாணத்தை முடித்துவிடுங்கள் என்றார். தோழிகள் சென்னையில் கழுத்தில் அடையாள அட்டை போட்டுப் படம் அனுப்பினார்கள். நான் இதய அடையாளம் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிற வீடியோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாருமே உடனே முடிவெடு, இல்லாவிட்டால் பிந்திவிடுவாய் என்றார்கள். நான் ஏற்கெனவே பிந்தியிருந்தேன்.

கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஆண்டவர்மேல் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது. ஜெபமாலையை எடுத்தால் பாதியில் கை நின்றுவிடும். கிறிஸ்துமஸ் பூசைக்கு நான் போகவில்லை. அம்மா கட்டாயப்படுத்தவும் இல்லை. அவளும் களைத்துப்போயிருந்தாள். விடுப்பு எல்லாம் தீர்ந்து, திருநெல்வேலிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்து, அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாளெல்லாம் பத்து வார்த்தை பேசாமல் இருந்த நாள்கள் உண்டு.

தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை, துணி காயப் போடும்போது இடது கண் ஓரத்தில் மின்னல் வெட்டியது.

நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஒருவேளை வெயிலாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். மறுபடியும் வெட்டியது. ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளிறியது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வர முடியாது என்று சொன்னாள். பர்ஸை எடுத்தாள். "ஏளா, வா, போவோம்" என்றாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்தாள். உப்பளங்களைத் தாண்டும்போது அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் கூசியது. எங்கே மறுபடியும் மின்னுமோ என்று பயந்து இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். இனி இப்படித்தான் இருக்கப்போகிறதா என்று நினைத்தேன். ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. வார்த்தை வரவில்லை. இத்தனை மாதம் சொன்னதையே திரும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது. கடைசியில் மனதுக்குள் இப்படிச் சொன்னேன்: ஆண்டவரே, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இந்த ஒரு கண்ணை விட்டு வையும். என்ன வேலை, எந்தப் படிப்பு என்று இனி நான் யோசிக்க மாட்டேன். எனக்குச் சத்து இல்லை. அதை நீர் பார்த்துக்கொள்ளும்.

அது விசுவாசத்தோடு சொன்ன ஜெபம் என்று நான் பெருமை பேச முடியாது. சுமக்க முடியாமல் கீழே போட்டது, அவ்வளவுதான். சொல்லிவிட்டு அம்மா தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். பல வாரங்களாக வராத தூக்கம் அந்த பஸ்ஸில் வந்தது.

மருத்துவமனையில் கண் பாப்பாவை விரிக்கிற மருந்தை விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார்கள். கூட்டம் அதிகம். மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது. மனிதக் குரல் இல்லை. போன் பேசுகிறது. மிக வேகமாக, "பட்டன்... பட்டன்... எடிட் பாக்ஸ்... பட்டன்... பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போனது. அதை வைத்திருந்த பெண் பெருமூச்சு விட்டாள். "எந்தப் பட்டன்னு சொல்லித் தொலையேன்" என்றாள் போனிடம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு என்று தெரியவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சிரிக்கீங்களோ? சிரிங்க. இன்னைக்குக் கடைசி நாளு, பரீட்சைக்கு விண்ணப்பம் போடணும். இது பட்டன் பட்டன்னுதான் சொல்லுது. எதுக்குள்ள பட்டன்னு சொல்ல மாட்டேங்கு."

அவள் பெயர் பரீதா. காயல்பட்டினத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். வரலாறு எம்.ஏ. முடித்து ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் அழுத்தம் கூடி வலி வந்ததால் அவளுடைய வாப்பா அழைத்து வந்திருந்தார். அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்கிற வசதியைப் போட்டுத்தான் அவள் போனைப் பயன்படுத்துகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் அவளிடம் சொன்னேன். "உங்க போன் மேல தப்பில்ல. அதச் செஞ்சவங்க பட்டனுக்குப் பேரு வைக்கல. படத்த மட்டும் போட்டுட்டு விட்டுட்டாங்க. பேரு இருந்தாத்தான அது வாசிக்கும்."

"பேரு வைக்கது பெரிய வேலையோ?"

"இல்ல. ஒரு வரிதான்."

அவள் மெதுவாகச் சொன்னாள். "ஒரு வரியா? நான் இவ்வளவு நாளும் எனக்குத்தான் போன் பழகத் தெரியலன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் கோபம் இல்லை. நான் எத்தனையோ மாதமாகச் சுமந்துகொண்டு திரிந்த அதே களைப்பு இருந்தது. அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கோ மருந்தில் எல்லாம் மங்கல். "அம்பு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அத அமுக்குங்க" என்று நான் சொல்ல, "மூணு கோடு போட்டு ஒண்ணு இருக்குளா" என்று அம்மா சொல்ல, பரீதா தன் விவரங்களைச் சொல்லச் சொல்ல, மூன்று பேருமாக அந்த விண்ணப்பத்தை ஏற்றினோம். கடைசியில் 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று போன் வாசித்தபோது அம்மா என் தொடையைத் தட்டினாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதே அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் பயம் முழுக்கத் திரும்பி வந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், ஓரத்தில் பார் என்றார். அம்மா கதவோரத்தில் நின்று ஜெபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருக்கிறது, ஆனால் விழித்திரை இன்னும் கழலவில்லை என்றார் டாக்டர். "சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க. இப்பவே லேசர் போட்டுருவோம்." அன்றே போட்டார்கள். பச்சை வெளிச்சம் பட்டுப் பட்டுக் கண்ணுக்குள் குத்தியது. வலித்தது. நான் அசையவில்லை. வெளியே வந்ததும் அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள். இத்தனை மாதமும் என் முன்னால் அவள் அழுததே இல்லை.

ஆண்டவர் அந்தக் கண்ணை விட்டு வைத்தார். இன்றுவரை அது நன்றாக இருக்கிறது. பஸ்ஸில் நான் கேட்டதில் பாதிக்கு அன்று மாலைக்குள் பதில் வந்துவிட்டது. மீதிப் பாதிக்கும் அதே நாற்காலிகளுக்கு நடுவே பதில் வந்திருந்தது. அது எனக்கு உடனே தெரியவில்லை.

சில நாள் ஓய்வுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். கல்லூரியில் கடைசி ஆண்டு ப்ராஜெக்டாக நானும் இரண்டு தோழிகளும் தூத்துக்குடி–திருச்செந்தூர் ரோட்டில் பஸ் நேரம் சொல்கிற ஒரு செயலி செய்திருந்தோம். அதைப் போனில் போட்டு, வாசித்துச் சொல்கிற வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். "பட்டன். பட்டன். பட்டன்." நாங்கள் செய்ததும் அப்படித்தான் இருந்தது. அந்தச் செயலிக்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தோம். யாரும் இதைக் கேட்டதில்லை, எங்களுக்குச் சொல்லித் தரவும் இல்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். மருத்துவமனையில் வாங்கி வைத்திருந்த எண்ணுக்கு, பரீதாவுக்கு அனுப்பினேன். நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பஸ் பெயரெல்லாம் சொல்லுது, சரி. ஆனால் போன பஸ்ஸையும் வரப்போகிற பஸ்ஸையும் சேர்த்தே சொல்லுது, நான் எதை நம்பி நிறுத்தத்தில் நிற்கிறது என்று கேட்டிருந்தாள். அதைத் திருத்தினேன். அடுத்து இன்னொரு குறை சொன்னாள். அதையும் திருத்தினேன். இப்படியே பங்குனி ஓடியது. கண்ணை அதிகம் பயன்படுத்தாமல் காதால் வேலை செய்யப் பழகினேன். போன் பேசுகிற வேகம் ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. பிறகு காது பிடித்துக்கொண்டது.

தேடிப் பார்த்தால், இது ஒரு வேலையாகவே இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள், கை கால் அசைக்க முடியாதவர்கள் எல்லாரும் ஒரு செயலியைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்து, எங்கே தடுக்கிறது, எப்படித் திருத்துவது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. நாலு வருஷம் கம்ப்யூட்டர் படித்தும் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. எங்கெங்கோ விண்ணப்பித்தேன். பல இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. அனுபவம் வேண்டும் என்றார்கள் சிலர். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் முடிந்த பிறகு சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் என்னிடம் ஒரு கடைச் செயலியைக் கொடுத்து, திரையைப் பார்க்காமல் ஒரு பொருளை வாங்கிப் பார்த்து, தடுக்கிற இடங்களை எழுதி அனுப்பச் சொன்னது.

அதே வாரத்தில் மிக்கேல் சித்தப்பா ஒரு நிச்சயமான வேலையோடு வந்தார். அவருடைய ஆபீசில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேவை. முதலாளியிடம் பேசி முடித்துவிட்டார். வீட்டிலிருந்து ஒரே பஸ். திங்கட்கிழமையே சேர வேண்டும். சென்னைக்காரர்கள் இன்னும் எடுத்துக்கொள்வோம் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியே எடுத்தாலும் ஆறு மாதம் தற்காலிகம்தான். அம்மாவுக்குத் துறைமுக வேலைதான் பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நாளெல்லாம் திரையில் சின்னச் சின்ன எண்களைப் பார்க்க வேண்டும் என்பதை நினைத்தாலே எனக்குக் கண் வலித்தது. ஆனால் இதையும் விட்டால் வேறு கிடைக்குமா என்றும் பயமாக இருந்தது.

கோவிலுக்குப் போய் உட்கார்ந்தேன். ஏதாவது ஒரு அடையாளம் காட்டும் என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அம்மா பீடத்துக்கு முன்னால் பூச்சாடியை மாற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அந்தக் கடைச் செயலியைச் சோதிக்க உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். அம்மா வந்து, "ஏளா, விளக்கு வைக்கிற நேரமாச்சு, இன்னும் சாப்பிடலியே" என்றபோதுதான் கண்ணைத் திறந்தேன். பகல் முழுக்கப் போயிருந்தது. என்னவோ வித்தியாசமாக இருந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு நான் களைப்பாக இல்லை.

ஆண்டவர் என்னிடம் பேசினது அப்படித்தான் என்று நம்புகிறேன். சத்தமாகப் பேசவில்லை. மாதக்கணக்கில் என் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததை ஒரு நாளைக்கு இறக்கி வைத்துக் காட்டினார்.

சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். அவருக்கு ரொம்ப வருத்தம். முதலாளி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவதையே கொஞ்ச காலம் நிறுத்திவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. எனக்காகத்தான் அவர் அவ்வளவு அலைந்தார். இப்போது பேசுகிறார், ஆனால் பழையபடி இல்லை.

சென்னையிலிருந்து கூப்பிட்டு நேர்காணல் நடத்தியவர் நித்யா என்ற ஒரு மேடம். நான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். வலது கண்ணில் பார்வை இல்லை, இடது கண்ணில் லேசர் போட்டிருக்கிறது, அடிக்கடி ஓய்வு கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். இதற்கு முன்பு இரண்டு இடத்தில் இதைச் சொன்னதுமே பேச்சு முடிந்துபோயிருந்தது. அவர், நீங்கள் எழுதி அனுப்பியதை அப்படியே கடைக்காரர்களுக்கு அனுப்பிவிட்டோம், எப்போது சேர முடியும் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

வைகாசியில் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே வேலை. எப்போதாவது சென்னைக்குப் போய்வருகிறேன். ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டது.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அப்பா கரைக்கு வந்துவிட்டார். ஒரு நாள் நான் வேலை செய்யும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். போன் அதன் வேகத்தில் பேசிக்கொண்டே இருந்தது. அவர் வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது என்ன பாஷைளா? மாலத்தீவுக்காரன் பேசுத மாதிரில்லா இருக்கு."

தமிழ்தான் அப்பா, வேகமாகப் பேசுகிறது என்று சொல்லி, வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். 'விலையைக் குறைவிலிருந்து வரிசைப்படுத்து, பட்டன்' என்று அது தெளிவாகச் சொன்னது. அப்பா தலையை ஆட்டினார். "இதக் கேட்டா கண்ணு தெரியாத ஆளு கடையில சாமான் வாங்கிருவாவளோ?" என்றார். வாங்குவார்கள் அப்பா, நான் சரியாகச் செய்தால் வாங்குவார்கள் என்றேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அதை முழுக்கத் திரும்பச் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்பியத்தில் இந்தச் சாட்சியை எழுதித் தரச் சொன்னபோது, பரீதாவிடம் அனுமதி கேட்டேன். அவள் தேர்வில் இந்த முறை தேறவில்லை. அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "தாராளமா சொல்லு. ஆனா உனக்கு வழி காட்டத்தான் என்னைய அனுப்புனாருன்னு சொல்லிராத. எனக்குக் கண்ணு வலிச்சுச்சு, நான் வந்தேன். நானும் துஆ கேட்டுட்டுத்தான் அங்க உக்காந்திருந்தேன்."

அவள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உண்மைதான். ஆண்டவர் எனக்காக மட்டும் அந்தக் கூடத்தை நிரப்பி வைக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவளுக்கு ஒரு வேலை அமைய வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். நீங்களும் அவளுக்காக ஜெபியுங்கள்.

வலது கண் திரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிச்சம் மட்டும்தான். படி இறங்கும்போது இன்னும் சுவரைப் பிடிக்கிறேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் சில நேரம் வெளியே சிந்துகிறது. ஒவ்வொரு முறையும் கண் பரிசோதனைக்குப் போகும்போது என்ன சொல்வார்களோ என்று பயப்படுகிறேன். நான் கேட்ட முதல் ஜெபத்துக்கு ஆண்டவர் ஏன் அப்படிப் பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் என் கையை அவர் விடவில்லை என்பது தெரியும். கேட்கக்கூடத் தெம்பில்லாமல் பஸ்ஸில் தூங்கிப்போனவளை அவர் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

படித்து முடித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வீட்டில் இருக்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கொரு யோசனை சொல்லி உங்களைச் சுற்றி நிற்பார்கள். உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது போலத் தெரியும். கோவிலுக்குப் போகப் பிடிக்காது. ஜெபிக்க உட்கார்ந்தால் கொட்டாவி வரும். பரவாயில்லை, அப்படியே வாருங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். முடியவில்லை என்பதையே சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். பிறகு விழித்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கஷ்டம் என்று கொஞ்சம் காது கொடுங்கள்.

ஆண்டவருக்கு நன்றி. மாதாவுக்கு நன்றி. கால் வீக்கத்தோடு என்னைப் பஸ் ஏற்றிக் கொண்டுபோன என் அம்மாவுக்கு, அவள் இதைப் படிக்கும்போது வெட்கப்படுவாள் என்று தெரிந்தும், எல்லார் முன்னாலும் நன்றி.